பாடசாலைச் சண்டித்தனமும் தற்காப்புக் கலைப் பயிற்சியும்

(சங்க மண்டபத்தில் நடைபெற்ற ஆண்டுக் கூட்டத்திலே நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்க மண்டபத்திலே நம் பிள்ளைகளுக்கு ஜூடோ, கராத்தே போன்ற தற்காப்புக் கலையொன்றைப் பயிற்றுவிக்கலாமா என்ற கேள்வி இப்பொழுது செயற்குழுவின் முன் இருக்கின்றது. வேண்டுமென்று கேட்பவர்கள் பெற்றார் சிலர். பாடசாலையிலும் பஸ்ஸிலும் பெரிய பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளை வருத்துகின்றார்கள், அதைத் தடுப்பதற்கு ஏதேனும் கற்றுக்கொடுங்கள் என்பது அவர்களுடைய கோரிக்கை. வேண்டாமென்பவர்களும் இச்சபையிலே இருக்கின்றார்கள். கைவரிசை ஒன்றும் தெரியாமலே இந்தக் காலத்துப் பையன்கள் கைநீட்டுகிறார்கள்; அதையும் கற்றுக்கொடுத்தால் என்ன ஆகும்? சண்டியரை அடக்கப் போய் நாமே புதுச் சண்டியரை வளர்த்துவிடுவோமோ? இது அவர்களுடைய பயம். இந்தப் பயத்தை அலட்சியம் செய்யக்கூடாது. அதற்கு ஆதாரமும் உண்டென்பதைப் பின்னாற் சொல்லப்போகின்றேன்.

என்னுடைய எண்ணத்தை முதலிலேயே வெளியிட்டுவிடுகின்றேன். வகுப்பைத் தொடங்கலாம். ஆனால், பிள்ளை திருப்பி அடிக்கட்டும் என்ற நோக்கத்தோடு தொடங்குவதாயின் தொடங்காமல் விடுவதே நன்று.

சண்டித்தனம் என்று நாம் சொல்லுவது எதனை? ஆறாம் வகுப்புக்குப் புதிதாய் வந்த ஒரு சிறுவனை மனத்திலே எண்ணிக்கொள்ளுங்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தை விட்டுப் பெரிய பாடசாலைக்கு வந்தவன். மெலிந்த தேகம். கதைக்கும்போது சற்றே திக்கும். முதற் கிழமையிலே அவனுக்கு ஒரு பட்டப்பெயர் கிடைக்கின்றது. இரண்டாம் கிழமையிலே இடைவேளைக்குக் கொண்டுவந்த பணிஸ் பறிபோகின்றது. பிறகு ஒருநாள் புத்தகப் பையைத் தேடினால் அது கிணற்றடியிற் கிடக்கின்றது. எல்லாரும் சிரிக்கிறார்கள், அவனும் சிரிக்க முயல்கிறான். மாதமொன்று கழிந்ததும் காலைதோறும் வயிற்றுவலி என்கிறான். வைத்தியர் வயிற்றைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார். வீட்டிலே, பள்ளிக்குக் கள்ளம் பண்ணுகிறான் என்று அதற்கும் ஓர் அடி விழுகின்றது.

இந்த நோயை முறையாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் டான் ஒல்வேயஸ் என்ற அறிஞர். சுவீடனிலே பிறந்து, நோர்வேயின் பேர்கன் நகரிலே நெடுங்காலம் பணிபுரிந்தவர். 1982ஆம் ஆண்டின் இறுதியில் நோர்வேயின் வடபகுதியிலே மூன்று சிறுவர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள். சகமாணாக்கரின் கொடுமையே அதற்குக் காரணமாயிருக்கலாமென்று அந்நாடே கலங்கியது. அதன் பின்பு 1983இல் அரசாங்கம் நாடெங்கும் ஓர் இயக்கத்தைத் தொடங்க, ஒல்வேயஸ் அதற்கு வழிகாட்டினார். அவர் சொல்லும் அடையாளங்கள் மூன்று. துன்பம் வேண்டுமென்றே செய்யப்படுவது. திரும்பத் திரும்பச் செய்யப்படுவது. செய்பவனுக்கும் படுபவனுக்கும் பலத்திலே ஏற்றத்தாழ்வு இருப்பது. இந்த மூன்றாவதை நன்றாகக் கவனியுங்கள். சம பலமுள்ள இரு பையன்கள் பந்துக்காகக் கட்டிப் புரண்டால் அது சண்டை. நாளைக்கே தோளிலே கைபோட்டுக்கொண்டு போவார்கள். சண்டித்தனம் அப்படியன்று. அங்கே ஒருவன் எப்போதும் மேலே. மற்றவன் எப்போதும் கீழே. தேகபலத்தினால் மட்டுமன்றி ஆட்பலத்தினாலும், வாய்ப்பலத்தினாலும், பணத்தினாலும் அந்த ஏற்றத்தாழ்வு வரலாம்.

அப்படியானால் கீழே இருப்பவனுக்குப் பலத்தைக் கொடுத்துவிட்டால் முடிந்ததல்லவா என்று கேட்பீர்கள். இதே கேள்வி ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பு யப்பானிலே ஒரு சிறுவனுக்கு எழுந்தது. அவனுடைய கதையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகின்றேன். ஏனெனில் நம்முடைய மண்டபத்துக்கு வரக்கூடிய கலைகளுள் ஒன்றாகிய ஜூடோ அவனிடமிருந்துதான் பிறந்தது.

கனோ ஜிகொரோ 1860இலே பிறந்தவர். தாயைச் சிறு வயதிலே இழந்தவர். தந்தையார் அவரை டோக்கியோவுக்கு அழைத்துவந்து நல்ல பள்ளிகளிலே சேர்த்தார். படிப்பிலே கெட்டிக்காரர், உருவத்திலோ சிறியவர். வளர்ந்த பிறகும் ஐந்தடிக்குமேற் சில அங்குலமே இருந்தார். விடுதிப் பள்ளியிலே பெரிய மாணாக்கர் அவரைப் படுத்தியபாடு கொஞ்சமன்று. பலமில்லாதவன் பலமுள்ளவனை வெல்லும் வித்தையொன்று, ஜுஜுட்சு என்ற பெயரிலே உண்டென்று கேள்விப்பட்டு, அதைக் கற்க ஆசைகொண்டார். அதுவோ பழைய போர்வீரர்களின் வித்தை. காலம் மாறிவிட்டது, இனி அது எதற்கு என்று தந்தையார் உட்பட எல்லாரும் தடுத்தார்கள். எலும்பு முறிவுக்கு வைத்தியம் செய்பவர்களுக்கு அந்த வித்தை தெரிந்திருக்கும் என்றறிந்து, அப்படிப்பட்ட வைத்தியர்களைத் தேடித்தேடி, 1877ஆம் ஆண்டளவில் ஃபுக்குடா என்ற ஆசிரியரிடம் போய்ச் சேர்ந்தார்.

அங்கே நடந்தது என்ன? ஆசிரியர் தூக்கி எறிந்தார். இதை எப்படிச் செய்வது என்று மாணவர் கேட்டார். விளக்கம் சொல்லுவதற்குப் பதிலாக, வா என்று கூப்பிட்டு மறுபடியும் எறிந்தார். மறுபடியும் கேள்வி; மறுபடியும் எறி. விழுந்து விழுந்து மேலெல்லாம் காயம். நாற்றமெடுக்கும் களிம்பைப் பூசிக்கொண்டு திரிந்தவரைத் தோழர்கள் பகிடி பண்ணினார்கள் என்றும் சொல்லுவார்கள். கூடப் பயின்றவர்களுள் ஃபுக்குஷிமா என்ற பாரிய தேகமுடைய ஒருவரை எவ்வளவு முயன்றும் அவரால் வீழ்த்த முடியவில்லை. நூலகத்துக்குச் சென்று மேல்நாட்டு மற்போர்ப் புத்தகங்களைப் படித்து, எதிரியைத் தோளிலே தூக்கி எறியும் முறையொன்றைக் கண்டுபிடித்து, அதைக்கொண்டு கடைசியில் வீழ்த்தினார். படிப்பாளி தன்னுடைய வழியிலே கண்ட விடை அது.

இவ்வளவிலே கதை முடிந்திருந்தால் நான் இதைச் சொல்லவேமாட்டேன். பழிவாங்கும் கதைகளைச் சினிமாவிலே வேண்டிய அளவு பார்த்திருக்கின்றோம். கனோ பழைய விடுதித் தோழர்களைத் தேடிப்போய் அடித்ததாக எங்கும் செய்தியில்லை. அவர் 1882இலே டோக்கியோவிலுள்ள ஒரு பௌத்த ஆலயத்தில், பன்னிரண்டு பாய் விரிக்கும் அளவுள்ள ஓர் அறையிலே, ஒன்பது மாணாக்கரோடு தமது பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். விழுகின்ற அதிர்ச்சியிலே தரைப்பலகை உடைந்துபோக, அவரே விளக்கைப் பிடித்துக்கொண்டு தரைக்கடியில் நுழைந்து திருத்துவாராம். (நமது மண்டபத்தின் தரை சீமெந்து, உடையமாட்டாது. பிள்ளைகளின் தலைதான் உடையும். அதற்குப் பிறகு வருகிறேன்.) பழைய வித்தையிலிருந்த, மூட்டை முறிக்கும், உயிருக்கு ஆபத்தாகும் முறைகளைச் சுதந்திரப் பயிற்சியிலிருந்து நீக்கினார். எஞ்சியதற்கு ஜூடோ என்று பெயரிட்டார். பின்னர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராய் இருபதாண்டுகளுக்கு மேல் இருந்தார். 1909இலே சர்வதேச ஒலிம்பிக் குழுவில் இடம்பெற்ற முதல் ஆசியரும் அவரே. கராத்தேயை ஒக்கினாவாத் தீவிலிருந்து டோக்கியோவுக்குக் கொண்டுவந்து பரப்பிய ஃபுனாகொஷி கிச்சின் என்பவரும் குழந்தைப் பருவத்திலே நோஞ்சான். வளர்ந்தபின் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர். இரண்டு கலைகளையும் உலகத்துக்குத் தந்தவர்கள் நம்மவர் சொல்லும் சட்டம்பிமார் என்பதை, இது முரடர் தொழில் என்று நினைப்பவர்கள் ஒருகணம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இனி, ஜூடோ வகுப்பிலே ஒரு பிள்ளை முதன்முதலிற் கற்பது யாது? எறிவதன்று; விழுவது. நாடியை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து, மூச்சை விட்டு, கையை உடலுக்குப் பக்கத்திலே சாய்வாக வைத்துப் பாயிலே பளீரென்று அறைந்து விழவேண்டும். விழுகின்ற வேகம் ஓரிடத்தில் இறங்காமற் பரந்து போய்விடும். தலை நிலத்திலே படாது. கிழமைக்கணக்காய் இதையே செய்விப்பார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மாருக்கு அலுத்துப்போகும். ஆனால் நம்முடைய ஆறாம் வகுப்புச் சிறுவனுக்கு உள்ளே நடப்பது வேறு. அவன் இதுவரை பயந்தது எதற்கு? தள்ளிவிடுவார்கள், விழுவேன், எல்லாரும் சிரிப்பார்கள் என்பதற்கு. இங்கே ஒரு மாலையில் நாற்பது தரம் விழுகிறான். யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் பக்கத்திலே கறுப்புப் பட்டி கட்டிய அண்ணாவும் விழுந்துகொண்டுதான் இருக்கிறார். விழுவது வெட்கக்கேடு என்ற எண்ணம் கழன்று போகின்றது. இப்படிக் கழன்ற பிறகு, தள்ளிவிடுவேன் என்று பயமுறுத்துகிறவனுடைய கையிலே அரைவாசி ஆயுதம் இல்லை.

இன்னொன்றும் அங்கே கற்கிறான். பிடி இறுகிவிட்டால், தாங்கமுடியாவிட்டால், எதிரியின் உடம்பிலோ பாயிலோ இரண்டு தரம் தட்டவேண்டும். தட்டிய கணமே மற்றவன் பிடியை விட்டுவிடவேண்டும். எவ்வளவு பெரியவனாயினும், எவ்வளவு வெற்றிக்கு அருகில் இருந்தாலும் விட்டேயாகவேண்டும். பாடசாலை மைதானத்திலே நம்முடைய சிறுவன் “போதும், விடு” என்று நூறு தரம் சொல்லியிருப்பான், ஒருவரும் கேட்டதில்லை. அவனுடைய “போதும்” என்ற சொல்லுக்கு மதிப்பிருக்கும் இடமொன்றை அவன் வாழ்க்கையிலே முதன்முறையாகக் காண்கிறான். அதைவிட முக்கியம், மற்றவன் தட்டும்போது தானும் விடப் பழகுகிறான்.

இப்படிச் சில மாதம் பழகிய பிள்ளையின் நடையைப் பாருங்கள். தோள் நிமிரும். கண்ணைத் தாழ்த்தாமற் பார்ப்பான். குரல் வயிற்றிலிருந்து வரும். சண்டியன் எல்லாரையும் சீண்டுவதில்லை. சுருங்குகிறவனையும், சீண்டினால் அழுகிறவனையும், தனியே நிற்பவனையும் பார்த்துத்தான் சீண்டுகிறான். நிமிர்ந்து நின்று, “என்னுடைய பையைத் தா” என்று எல்லாருக்கும் கேட்கும்படி ஒருவன் சொன்னால், அங்கே எதிர்பார்த்த வேடிக்கை கிடைப்பதில்லை. ஒரு கைகூட நீளாமலே பல சங்கதிகள் அங்கே முடிந்துபோகும். முடியாவிட்டால் ஓடிப்போவதும், ஆசிரியரிடம் சொல்லுவதும் பயிற்சியின் பகுதிகளே. சரியான ஆசிரியர் எவரும் அதைக் கோழைத்தனம் என்று சொல்லமாட்டார். பலர் சூழ்ந்துகொண்டால் எந்தப் பட்டி கட்டியவனும் ஓடத்தான் வேண்டும்.

இனி, வேண்டாமென்பவர்களின் பக்கத்துக்கு வருவோம். சண்டித்தனத்தை ஆராய்ந்த அதே ஒல்வேயஸ், சக ஆராய்ச்சியாளர் ஒருவரோடு சேர்ந்து 2005இலே ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். குத்துச்சண்டை, மற்போர், பாரந்தூக்குதல், கீழைத்தேயத் தற்காப்புக் கலைகள் ஆகியவற்றிலே ஈடுபட்ட பதினொன்று முதற் பதின்மூன்று வயதுப் பையன்களை இரண்டாண்டு தொடர்ந்து கவனித்ததில், அவர்களிடம் முரட்டுத்தனம் குறையவில்லை, கூடியிருக்கின்றது என்று கண்டார். இதை மறைத்துவிட்டு உங்களிடம் பேசுவது முறையன்று. ஆனால் 1986இலே அமெரிக்காவில் வெளியான மற்றொரு ஆராய்ச்சியையும் பக்கத்திலே வைத்துப் பாருங்கள். ஒழுங்குமீறும் இயல்புடைய 34 இளைஞர்களை மூன்று கூட்டமாகப் பிரித்து ஆறு மாதம் பயிற்றினார்கள். ஒரு கூட்டத்துக்குக் கொரியாவின் டைக்குவாண்டோ கலையை, வணக்கம், தியானம், அடக்கம் ஆகிய பழைய முறைகளோடு கற்பித்தார்கள். இன்னொரு கூட்டத்துக்கு அடிக்கும் முறைகளை மாத்திரம். மூன்றாவதற்கு ஓட்டமும் கூடைப்பந்தும். முதற் கூட்டத்திலே முரட்டுத்தனம் குறைந்தது. இரண்டாவதிலே வளர்ந்தது. 34 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்லிவிட முடியாதுதான். என்றாலும், சிலம்பம் பழகுமுன் களத்தைத் தொட்டு வணங்கச் சொன்ன நம்முடைய பழைய ஆசான்மார் இதைக் கேட்டால் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டார்கள்.

ஆகவே எந்தக் கலை என்பதிலும் பார்க்க எந்த ஆசிரியர் என்பதே பெரிய விஷயம். இவ்விடத்திலே மறுபடியும் யப்பானுக்குப் போகவேண்டியிருக்கிறது. கனோவின் கலை பிறந்த அந்த நாட்டிலேயே, 1983 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளிலே, பாடசாலை ஜூடோப் பயிற்சியில் நூற்றுக்கு மேற்பட்ட மாணாக்கர் இறந்திருக்கின்றார்கள். பெரும்பாலும் தலையிற் பட்ட அடி. சரியாக விழப் பழகாத புதியவர்களைத் திரும்பத் திரும்ப எறிந்ததால் வந்த சாவு பல. பயிற்சி என்ற பெயரிலே பெரியவர்கள் சிறியவர்களைத் தண்டித்ததால் வந்த சாவும் உண்டு. 2013ஆம் ஆண்டிலே, அந்நாட்டுப் பெண்கள் தேசிய அணியின் பயிற்றுநர், வீராங்கனைகளை மூங்கில் வாளால் அடித்தார் என்று 15 பேர் முறையிட்டது வெளியாகி, அவர் பதவி விலகினார். சண்டித்தனத்துக்கு மருந்தென்று நாம் கொண்டுவரும் இடத்திலேயே சண்டித்தனம் குடிபுகலாம். கதவை மூடிவைத்துப் பயிற்றும் ஆசிரியர், தம்மைக் கேள்வி கேட்கக்கூடாதென்பவர், அழுகிற பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பவர், எத்தனை கிண்ணம் வென்றவராயினும் நமக்கு வேண்டாம்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. கனடாவின் ரொறன்ரோ நகரிலே, பாடசாலை மைதானங்களில் நடப்பதைத் தூரத்திலிருந்து ஒளிப்படக்கருவி கொண்டு பதிவு செய்து, 2001இலே ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். நடந்த கொடுமைகளில் நூற்றுக்கு 88இல் மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். யாரேனும் ஒரு பிள்ளை தலையிட்டது நூற்றுக்கு 19இலே மாத்திரம். ஆனால் தலையிட்டபோது, பாதிக்கு மேற்பட்ட தடவைகளில், பத்து வினாடிக்குள்ளே அந்தக் கொடுமை நின்றுவிட்டது. பத்து வினாடி! ஒரு தேவாரத்தின் முதலடியைப் பாடி முடிக்கும் நேரந்தான். அமெரிக்காவிலே ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தற்காப்புக் கலையோடு இந்தப் பாடத்தையும் சேர்த்துக் கற்பித்த திட்டமொன்றை 2008இலே ஆராய்ந்தார்கள். வகுப்புக்கு ஒழுங்காக வந்த ஆண்பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் குறைந்தது. பக்கத்தில் நின்று பார்ப்பதை விட்டு உதவிக்குப் போவது கூடியது. பெண்பிள்ளைகளிடம் அப்படி மாற்றம் காணப்படவில்லை. அவர்களுக்குள் நடக்கும் கொடுமை பெரும்பாலும் தள்ளுவதும் அடிப்பதுமன்று, கதைக்காமல் ஒதுக்குவதும் கதை கட்டுவதும் என்பது ஒரு காரணமாயிருக்கலாம் என்பது என் ஊகம். கைத்தொலைபேசியிலே இரவு பன்னிரண்டு மணிக்கு வரும் இழிசொல்லுக்கும் எந்தப் பிடியும் பூட்டும் உதவாது. இக்கலை செய்யமுடியாதவற்றையும் நாம் தெரிந்திருக்கவேண்டும்.

பெற்றார் கோபிக்கக்கூடாது, உங்களுக்கும் ஒன்று சொல்லியாகவேண்டும். பிள்ளையை வகுப்பிலே சேர்த்துவிட்டேன், இனி அவன் பார்த்துக்கொள்வான் என்று இருந்துவிடாதீர்கள். பதினொரு வயதுப் பிள்ளையின் பாதுகாப்பு அவனுடைய பொறுப்பன்று. வகுப்பாசிரியரிடமும் அதிபரிடமும் போய்க் கதைப்பது உங்கள் கடமை. கல்வி நிறுவனங்களிலே நடக்கும் பகிடிவதையைத் தடுப்பதற்கென்று 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டிலே இருக்கின்றது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கின்றது. இவற்றை நாடுவது குடும்பத்துக்கு மானக்கேடன்று. மேலும், அடியாத மாடு படியாது என்று சொல்லிக்கொண்டு வீட்டிலே பிரம்பெடுப்பவர்கள், பலமுள்ளவன் பலமில்லாதவனை அடிக்கலாம் என்ற பாடத்தைத் தாமே முதலிற் படிப்பிக்கிறார்கள். அந்தப் பிள்ளை மறுநாள் மைதானத்திலே அதை ஒப்புவிக்கிறான்.

இனிச் செயற்குழுவுக்கு என் வேண்டுகோள். பாய் வாங்கப் பணம் சேருமட்டும் வகுப்பைத் தொடங்கவேண்டாம். சீமெந்துத் தரையிலே எறிந்து பழகுவது கூடாது. முதலிரண்டு மாதமும் விழப் பழகுவது தவிர வேறொன்றும் வேண்டாம். பெண்பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும். கட்டணம் கட்டமுடியாத பிள்ளைகளுக்குச் சங்கமே கட்டவேண்டும். வகுப்பு நடக்கும்போது மண்டபத்தின் இரண்டு கதவுகளும் திறந்திருக்கவேண்டும். பெற்றாருள் இருவர் முறைவைத்து வந்து பின்வாங்கிலே இருக்கவேண்டும். பாடசாலையிலே கைநீட்டிய பிள்ளையை அழைத்து, ஆசிரியர் விசாரித்து, நடந்தது சண்டித்தனமென்று கண்டால் பட்டியைக் கழற்றி வைத்து மறுபடியும் விழும் வகுப்பிலே நிறுத்தவேண்டும்.

கடைசியாக ஒன்று, இதைச் சிலர் விரும்பமாட்டீர்கள். ஊரிலே சண்டியர் என்று பெயரெடுத்த பிள்ளைகள் இரண்டு மூன்று பேரை நாம் எல்லாரும் அறிவோம். அவர்களுடைய வீடுகளுக்கும் போய், அவர்களையும் இந்த வகுப்புக்குக் கூப்பிடவேண்டும். முதல்நாளே எறியக் கேட்பார்கள். நாற்பது தரம் விழச் சொல்லுங்கள். அவர்கள் விழும்போது நம்முடைய ஆறாம் வகுப்புச் சிறுவன் பக்கத்துப் பாயிலே விழுந்துகொண்டிருக்கட்டும். யாருடைய வீட்டுக்கு யார் போவது என்பதைக் கூட்டம் கலையுமுன் தீர்மானித்துக்கொள்ளும்படி தலைவரைக் கேட்டு என் பேச்சை நிறுத்துகின்றேன்.